கடை கைமாறினால் கூலி ஒப்பந்தம் என்னாகும்?



நம் கடைத்தெருக்களில் கடைகளும் கிடங்குகளும் அடிக்கடி கைமாறுகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் விற்பவர்கள் உண்டு. தொழிலைப் பெருக்க வாங்குபவர்களும் உண்டு. வாங்கும்போது பத்திரத்தைப் பார்க்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், சரக்கை எடை போட்டு எடுக்கிறோம், வரவேண்டிய பாக்கிக்குப் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆட்கள் எந்தக் கூலி ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், நம்மிடம் வந்தபின் எதற்கு மாறுகிறார்கள் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நாலு பேருக்காவது உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

2006-ல் வேறொரு கடைத்தெருவில் ஒரு பருப்புக் கிடங்கை விலைக்கு வாங்கினேன். அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேர் சுமை தூக்குபவர்கள், ஒருவர் தராசு பார்ப்பவர், ஒருவர் கணக்குப்பிள்ளை. அந்தத் தெரு ஒப்பந்தப்படி மூட்டைக் கூலி குறைவு, தீபாவளி போனஸ் அதிகம். எங்கள் தெருவில் மூட்டைக் கூலி அதிகம், போனஸ் குறைவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? கூலிக்கு அவர்கள் ஒப்பந்தம், போனஸுக்கு எங்கள் ஒப்பந்தம் என்று, எது எங்கே குறைவோ அதை எடுத்துக்கொண்டேன். ஐந்து பேரையும் அன்றைக்குச் சேர்ந்த புது ஆட்களாகப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பழைய ஆட்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பதினோரு நாள் கிடங்கு பூட்டிக் கிடந்தது. பலகார சமயத்தில் கடலைப்பருப்பும் உளுந்தும் உள்ளே. வாடிக்கைக் கடைக்காரர்கள் வெளியே. பதினேழு வருடம் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கிய மூத்தவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, கிடங்கை வாங்கினீங்க, தராசை வாங்கினீங்க, கடன் நோட்டையும் வாங்கினீங்க. எங்க பதினேழு வருசத்தை மட்டும் ஏன் அங்கேயே விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போன பிறகுதான் சட்டம் புரிந்தது. அன்று நடப்பில் இருந்தது 1947-ஆம் ஆண்டுத் தொழிற் தகராறுகள் சட்டம். 1957-ல் திருத்தப்பட்ட அதன் 25எஃப்எஃப் பிரிவு சொல்வது நியாயமானது. நிறுவனம் கைமாறும்போது இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த ஆளுக்குப் பழைய முதலாளி அறிவிப்பும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும். இல்லையென்றால் புது முதலாளி, வேலை அறுபடாமல், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளோடு, பழைய வருடங்களுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். விற்றவரும் கொடுக்கவில்லை, வாங்கியவரும் ஏற்கவில்லை என்ற மூன்றாவது வழி சட்டத்தில் கிடையாது. நான் போனது அந்த மூன்றாவது வழியில்.

ஒப்பந்தங்களிலும் இரண்டு வகை உண்டு. நாமும் தொழிலாளர்களும் நமக்குள் பேசிக் கையெழுத்திடுவது 18(1) ஒப்பந்தம். அது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது 12(3) ஒப்பந்தம். அது அந்த நிறுவனத்தின் எல்லா ஆட்களையும், பின்னால் சேர்பவர்களையும், முதலாளியின் வாரிசையும், அவரிடம் நிறுவனத்தை வாங்கியவரையும்கூடக் கட்டும். எனவே விற்பவர் போட்டது எந்த வகை என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

காலம் முடிந்த ஒப்பந்தம் செல்லாக் காசு என்று நினைப்பதும் தவறு. ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் வழக்கில், 1974-ல் போட்ட ஒப்பந்தம், அதை முடித்துக்கொள்வதாக அறிவிப்புக் கொடுத்த பிறகும், புதிய ஒப்பந்தம் வரும்வரை நிற்கும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 21-11-2025 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கைமாறும் நிறுவனத்து ஆட்களுக்கான பாதுகாப்பை அதுவும் வைத்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தொழிலாளர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஒப்பந்தத்திலும் எது அதிகமோ அதையே வரிக்கு வரி கேட்பதும் முறையல்ல. அனகாப்பள்ளி என்றால் நமக்கு வெல்லம் நினைவுக்கு வரும். அங்கே ஒரு சர்க்கரை ஆலையைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கியபோது எழுந்த வழக்கில், விற்றவரிடம் இழப்பீடு பெறும் உரிமை உள்ளவர்கள், வாங்கியவரிடம் வேலையையும் உரிமையாகக் கேட்க முடியாது என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் ஒவ்வொன்றிலும் குறைவானதைப் பொறுக்கியது எப்படித் தவறோ, அவர்கள் ஒவ்வொன்றிலும் அதிகமானதைப் பொறுக்குவதும் அப்படியே.

எங்கள் விவகாரம் முடிந்தது இப்படித்தான். மூட்டைக் கூலி எங்கள் தெரு ஒப்பந்தப்படி. போனஸில் குறையும் தொகை, அந்த ஐந்து பேருக்கு மட்டும் தனிப்படி. வேலைக் காலம், அவரவர் பழைய கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து. அலுவலர் முன்னிலையில் எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுத்தோம். ஐந்து பேருக்கு மட்டும் ஏன் தனிப்படி என்று எங்கள் பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். இது புதுச் சலுகை இல்லை, அவர்கள் முன்பே வாங்கியது என்று கணக்கைக் காட்டியதும் அடங்கினார்கள். அந்த மூத்தவர் 2015-ல் ஓய்வு பெற்றபோது 26 வருடத்துக்கும் பணிக்கொடை கொடுத்தேன். முன்பே கேட்டிருந்தால் அதில் 17 வருடத்துப் பங்கைக் கிடங்கு விலையில் கழித்திருக்கலாம். கேட்காததால் முழுவதும் என் கையைக் கடித்தது.

ஆகவே கடை வாங்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: கூலி ஒப்பந்த நகல், ஆட்கள் சேர்ந்த தேதி உள்ள பதிவேடு, வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டிய ரசீது, போனஸ் பாக்கி, இந்த நான்கையும் விலை பேசும் முன்பே கேளுங்கள். இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள் வீட்டுக்குக் கொண்டுபோகும் மொத்தத் தொகை குறையாதபடி கணக்குப் போடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த ஒப்பந்தம் என்று எழுத்தில் முடியுங்கள்.

"நம் லாபமே மூட்டைக்குச் சில ரூபாய், இதெல்லாம் கட்டுபடியாகுமா?" என்று சிலர் கேட்பார்கள். பூட்டிக் கிடந்த அந்தப் பதினோரு நாளில் போன வியாபாரத்தையும், பிறகு திரும்பி வராத வாடிக்கைகளையும் நான் கணக்குப் பார்த்தேன். தனிப்படி அதைவிட மலிவு. பழைய சரக்குக்கு விலை கொடுக்கும் நாம், பழைய உழைப்புக்கும் கணக்கு வைப்பதுதான் வியாபார தர்மம்.