இலவசம் சரி, லைசென்ஸ் என்ன?

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் எங்கள் முசிறிப் பிள்ளைகளுக்கும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் கிடைத்தது. 'சும்மா கிடைப்பதுதானே' என்று பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அதன் உண்மையான மதிப்பு விலையில் இல்லை, லைசென்ஸில் இருக்கிறது.

லினக்ஸ் கெர்னலின் லைசென்ஸ் ஜி.பி.எல். அதை யாரும் மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றியதை வெளியிட்டால், பெறுபவருக்கு சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸில் தரவேண்டும். இதுவே காப்பிலெஃப்ட். பி.எஸ்.டி. லைசென்ஸில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆப்பிள் நிறுவனம் ஃப்ரீபி.எஸ்.டி. நிரல்களையும் சேர்த்து 2001-இல் மேக் ஓ.எஸ். எக்ஸ் வெளியிட்டது, முழு சிஸ்டத்தையும் திறந்து காட்டவில்லை. அது தவறல்ல, லைசென்ஸே அனுமதிக்கிறது.

ஆனாலும் தமிழ் சாஃப்ட்வேருக்கு என் ஓட்டு ஜி.பி.எல்.லுக்கே! எழுதுபவர்கள் குறைவு. ஒருவரின் உழைப்பைப் பூட்டிவிட்டால், அடுத்தவர் மறுபடியும் 'அ'னாவிலிருந்து தொடங்க வேண்டும்.