தலைகீழ்ப் பரீட்சை

இருபது வருஷங்களாக நாம் பரீட்சைத் தாள் திருத்தி வருகிறோம். பையன் எதை அறிந்திருக்கிறானோ அதற்கு மார்க்குப் போடுவதுதான் நாம் கற்ற தொழில். எதைச் செய்ய முடியவில்லையோ அதற்கு மார்க்குப் போடும் பரீட்சை ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணிச் சிரித்திருப்போம்.

ஆனால் அப்படிப்பட்ட பரீட்சை நம் தேசத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் பளிச்சென்று பதில் சொல்கிறவர்களே தவறிப் போகிறார்கள். நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன் சென்ற வருஷம் அதற்குப் போய்த் தவறிவிட்டு வந்தான். அவன் ஏன் தவறினான் என்பதை நேயர்களுக்குச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறோம். ஏனெனில், குற்றம் முழுவதும் அவனுடையதல்ல. பரீட்சை நடத்தியவர்களுடையதும் அல்ல. அதில் பெரும் பங்கு நம்மைப் போன்ற குடும்பங்களுடையது.

பையனின் பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரன். பி.காம். தேறி ஓர் ஆபீஸில் கணக்கு எழுத அமர்ந்தான். இரண்டு வருஷம் ஒரு குறைவும் இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கையில் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. உயிர் போகிறதென்று எண்ணி நடுவழியில் இறங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் இருதயத்தைச் சோதித்து ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். கோளாறில்லாத அந்த இருதயம் மறு வாரமும் அதே மாதிரி அடித்துக்கொண்டது. முதலில் பஸ்ஸை விட்டான். பிறகு ஆபீஸை விட்டான். பிறகு கடைத்தெரு, பிறகு கோயில், கடைசியில் வாசற்படி. நான்கு வருஷத்தில் அவனுடைய உலகம் பத்தடிக்குப் பத்தடி அறையாகச் சுருங்கிவிட்டது.

மனநோய் வைத்தியர் இதைக் கடுமையான மனப்பதற்றம் என்றார். உறவினர்கள் சோம்பல் என்றார்கள். தகப்பனார் இரண்டும் சொல்லாமல் பெருமூச்சு விட்டார்.

பயம் யாருக்குத்தான் இல்லை என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். பாம்பைக் கண்டால் உடம்பு ஓடத் தயாராவது உயிர் பிழைப்பதற்காக இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு. பாம்பே இல்லாத இடத்தில், தினந்தோறும், மணிக்கணக்காக, உடம்பு ஓடத் தயாராக நிற்குமானால் அதுதான் நோய். "பயப்படாதே" என்று அதற்கு உபதேசம் செய்வது, ஜுரத்தில் கிடப்பவனிடம் "சுடாதே" என்று சொல்வதற்குச் சமானம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1995-ஆம் வருஷத்தில் நம் பார்லிமெண்டு ஊனமுற்றோருக்கென ஒரு சட்டம் செய்தது. அதில் சொல்லப்பட்ட 7 வகைகளுள் மனநோயும் ஒன்று. ஆனால் உத்தியோகங்களில் ஒதுக்கிய 3 சதவிகிதம், பார்வை, செவி, கை கால் ஆகியவற்றில் குறையுள்ளவர்களுக்கே பங்கிடப்பட்டது. மனநோயாளரைப் பந்திக்கு அழைத்து, இலை போடாமல் உட்கார வைத்த கதைதான். 2016-ல் செய்யப்பட்டு 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அந்த இலையைப் போட்டது. வகைகள் 21 ஆயின. ஒதுக்கீடு 4 சதவிகிதமாயிற்று. அதில் 1 சதவிகிதத்தை, ஆட்டிசம் முதலிய வேறு சில வகையினரோடு மனநோயாளரும் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்தெந்த வியாதி என்று அச்சட்டம் ஜாபிதா போடவில்லை. எண்ணத்தையோ மனநிலையையோ பாதித்து, வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளை எதிர்கொள்ளும் சக்தியைப் பெரிதும் கெடுக்கும் கோளாறா என்பதையே கவனிக்கச் சொல்கிறது.

பலன்கள் 40 சதவிகிதத்தில் ஆரம்பமாகின்றன. அந்தக் கோட்டைத் தாண்டியவருக்கு உத்தியோக ஒதுக்கீடு உண்டு. உயர்தரப் படிப்பில் 5 சதவிகித இடமும் வயது வரம்பில் 5 வருஷச் சலுகையும் உண்டு. பழைய முறையில் வருமான வரி கட்டுவோருக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவிகிதமானால் அது 1,25,000. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவராய், 80 சதவிகிதமும் ஆனால் மத்திய ஸர்க்காரின் மாதப் பென்ஷன் உண்டு. அதன் தொகை 300 ரூபாய் என்று எழுதும்போது நமது பேனா சற்றுக் கூசுகிறது. மாநில ஸர்க்கார்கள் தத்தம் நிபந்தனைகளின்படி உதவித் தொகை தருகின்றன.

இந்தச் சதவிகிதத்தை எப்படி அளக்கிறார்கள்? இங்கேதான் நம் தலைகீழ்ப் பரீட்சை வருகிறது. இந்திய மனநோய் வைத்தியர் சங்கத்தார் உண்டாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 'ஐடியாஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் நான்கு பாடங்கள்: தன்னைத் தான் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்கு. ஒரு சிரமமும் இல்லையென்றால் 0. அறவே முடியாதென்றால் 4. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு. ஆக மொத்தம் 20. அதில் 7 எடுத்தால் 40 சதவிகிதக் கோட்டை எட்டியதாகும். 'வேலை' என்றால் சம்பள உத்தியோகம் மாத்திரமல்ல. வீட்டைப் பராமரிக்கும் ஸ்திரீக்கு வீட்டு வேலையும், மாணாக்கருக்குப் படிப்பும் அதில் அடங்கும். இதை நேயர்கள் கவனித்தால், அடுப்படியிலேயே ஒடுங்கிப்போன எத்தனையோ தாய்மார்களும் இந்தப் பரீட்சைக்கு உரியவர்கள் என்பது விளங்கும்.

நம் மாணாக்கன் மனுப் போட்ட கதையைக் கேளுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் ஸர்க்காரின் 'ஸ்வாவலம்பன்' தளத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். ஐந்து தடவை பூர்த்தி செய்தான். ஐந்து தடவையும் அனுப்பாமல் விட்டான். ஆறாவது தடவை தங்கை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அனுப்பி வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு நேரில் வர உத்தரவு வந்தது. அங்கே கூட்டம், இரைச்சல், மூன்று மணி நேரக் காத்திருப்பு. கால் இல்லாதவரை மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, தமக்குக் கால் இல்லையென்று நிரூபிக்கச் சொல்வது போன்ற ஏற்பாடு இது. எந்த நோய்க்காக ஸர்டிபிகேட் கேட்கிறானோ, அந்த நோய் எதைத் தடுக்கிறதோ, அதையே முதலில் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. குறித்த நேரமும், சந்தடியில்லாத ஓர் அறையும் கொடுத்தால் ஸர்க்காருக்கு அதிகச் செலவு ஆகாது.

ஆயினும் அவன் தவறியது அதனால் அல்ல. மொத்தம் 5 மார்க்கு வந்தது. 40 சதவிகிதத்துக்குக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் தாயார் நம் வீட்டுக்கு வந்தார்.

"என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்டோம்.

"டாக்டர் நல்லவர்தான், ஸார். பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசினார். 'எப்படி இருக்கிறாய்?' என்றார். 'நன்றாக இருக்கிறேன், ஸார்' என்றான் இவன். பெரியவர்கள் கேட்டால் அப்படித்தானே சொல்ல வேண்டும்? 'தினம் குளிக்கிறானா?' என்று என்னைக் கேட்டார். நாலு பேர் நிற்கிற இடத்தில் இல்லையென்று எப்படிச் சொல்வேன்? குளிக்கிறான் என்றேன். சட்டையைக்கூட முதல் நாள் ராத்திரியே நான் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்."

நேயர்களே, அந்த அம்மாளைக் கோபிக்க நம்மால் முடியவில்லை. பிள்ளையைப் பெரிய மனிதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்போது தலை வாரி, முகம் துடைத்து நிறுத்துவதுதான் நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. பள்ளிக்கூடத்தில் நாமே அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். வீட்டின் மானத்தைக் காப்பாற்றிய அந்த ஒவ்வொரு பதிலுக்கும் பையன் ஒரு மார்க்கை இழந்தான்.

தாயார் மனத்தில் இன்னொரு பாரமும் இருந்தது. "இது இத்தோடு போகட்டும், ஸார். கார்டு வந்துவிட்டால் ஊருக்குத் தெரியும். அவன் தங்கைக்கு வரன் பார்க்கிற சமயம்" என்றார். பையனுக்கோ வேறு பயம். நாம் நேரில் போய்ப் பார்த்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஊனம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிறகு அதுவாகவே ஆகிவிட மாட்டேனா, ஸார்?" என்றான்.

முதல் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கையே சொன்னாள்: "அண்ணாவை ஒளித்து வைத்துத்தான் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமானால், அந்த வீட்டுக்குப் போன பிறகும் ஒளித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், அம்மா. அது என்னால் ஆகாது." தாயார் வெகு நேரம் பேசவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நாம் சொன்னோம்: "மழையை அளந்து எழுதுவதால் மழை பெய்வதில்லை, தம்பி. பெய்த மழையைத்தான் அளக்கிறார்கள். இந்த ஸர்டிபிகேட்டும் ஆயுள் தண்டனை அல்ல. குணமாகக் கூடிய நிலைமைக்குக் காலக்கெடு வைத்தே கொடுக்கலாம்; கெடு முடிந்ததும் மறுபடி அளப்பார்கள். அப்போது குறைந்திருந்தால் நம்மைவிடச் சந்தோஷப்படுகிறவர் யார்?"

சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஸர்டிபிகேட் முடிவில் திருப்தியில்லாதவர் மேல் மனுச் செய்யலாம் என்கிறது. மனுவுக்கு முன்னால் ஒரு மாதம் நோட்டுப் புத்தகம் எழுதுங்கள் என்றோம். தங்கை எழுதினாள். இன்று குளித்தானா, யார் எத்தனை தடவை சொன்ன பிறகு? சாப்பிட்டானா, தானாகவா? வாசலில் தபால்காரர் கூப்பிட்டபோது என்ன செய்தான்? எத்தனை மணி நேரம் தூங்கினான்? நல்ல நாட்களையும் விடாமல் எழுதச் சொன்னோம். தங்கையோடு கேரம் ஆடிச் சிரித்த நாள் ஒன்று இருந்தது. அதுவும் அதில் இருக்கிறது. முப்பது நாளில் வாசலைத் தாண்டியது மூன்று நாள். அதில் ஒரு நாள் பாதித் தெருவில் திரும்பிவிட்டான்.

நல்ல நாளை எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லாத ஊனத்தைச் சொல்லிச் சலுகை பெறுவோருக்கு இதே சட்டத்தின் 91-ஆம் பிரிவு 2 வருஷம் வரை சிறைவாசமோ, 1 லக்ஷம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அது நியாயமே. பொய் சொல்லி வாங்கும் ஒவ்வோர் இடமும் மெய்யான ஒருவரிடமிருந்து பறித்தது. ஆனால் இருக்கும் துன்பத்தை இல்லையென்று மறைப்பதும் மெய் அல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இந்தப் பரீட்சையில் கேட்கப்படுவது அழுகையும் அல்ல, அலங்காரமும் அல்ல, உள்ளது உள்ளபடி. அந்தரங்கமான ஒரு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் டாக்டர் கண்டுபிடிக்க முடியாது. கூட இருந்து பார்த்தவர்கள்தாம் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். ஸர்டிபிகேட் மருந்தல்ல, சிகிச்சைதான் முதலில். யாரிடம் போவதென்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் ஸர்க்கார் ஆரம்பித்த 'டெலி மானஸ்' டெலிபோனில் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

மேல் மனு விசாரணைக்கு அந்த நோட்டுப் புத்தகமும், வைத்தியரின் நான்கு வருஷச் சீட்டுகளும் போயின. இந்தத் தடவை 9 மார்க்கு. 40 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டான். மஞ்சள் நிறக் கோடு போட்ட கார்டு வந்திருக்கிறது. அவன் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் மாத்திரம் மெய்யை மறைக்கலாமா? இன்னும் பஸ் ஏறவில்லை. ஒதுக்கீட்டில் ஒரு கணக்கர் உத்தியோகத்துக்கு மனுச் செய்திருக்கிறான். இந்த விண்ணப்பத்தை முதல் தடவையே அனுப்பிவிட்டானாம்.

போன வாரம் தாயாரைக் கோயில் வாசலில் பார்த்தோம். "இரண்டாவது தடவை போனபோது சட்டைக்கு இஸ்திரி போடாமல் விட்டீர்களா, அம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டோம்.

"அதெப்படி விடுவேன், ஸார்? போட்டுத்தான் அழைத்துப் போனேன்" என்றார். "ஆனால் அதைப் போட்டது நான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்."