கோமகன் பிடியில் அறிவுக் கழகம்!

"எவர் வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்காதே!" 1660-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம், தன் இலச்சினையில் பொறித்துக்கொண்ட முழக்கத்தின் பொருள் இது. பழைய ஏடு பகர்வதால் பணியாதே. பட்டம் தாங்கியவர் சொல்வதால் தலையாட்டாதே. ஆய்ந்து பார், பிறகு ஏற்றுக்கொள்! வள்ளுவர் நமக்கு வகுத்த நெறியும் இதுவன்றோ!

விண்மீனையும் நீராவியையும் அளந்தபோது அந்த நெறி போற்றப்பட்டது. ஆனால், தோழர்களே, தன் வீட்டை ஆள்வதில் அக்கழகம் அந்த நெறியைப் பின்பற்றிற்றா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறு விடை கூறுகிறது. இல்லை!

செல்வச் சீமான் ஜோசப் பேங்க்ஸ் 1778-இல் தலைவரானார். 1820-இல் சாவு வந்து அழைக்கும் வரை, 41 ஆண்டுகள், அவரே தலைவர். ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. ஆனால் ஆள் மாற்றம் இல்லை! தாவர இயலில் அவருக்கு ஆர்வம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1820-இல் வானியல் வல்லுநர்கள் தமக்கெனத் தனிக் கழகம் கண்டபோது, அவர் உள்ளம் பொறுக்கவில்லை. புதிய கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாமர்செட் கோமகனை, வற்புறுத்தியே பதவி விலக வைத்தார். வானம் எல்லோருக்கும் பொது. அதை ஆராயவும் ஒருவரிடம் அனுமதிச் சீட்டா?

உறுப்பினராவது எப்படி? கணித மேதை சார்லஸ் பாபேஜ், 1830-இல் இங்கிலாந்தில் அறிவியல் அடைந்த வீழ்ச்சியைப் பற்றி எழுதிய நூலில் அதை அம்பலப்படுத்தினார். மூவர் கையொப்பம் வேண்டும். விண்ணப்பம் சில வாரம் சுவரில் தொங்க வேண்டும். 50 பவுன் கட்ட வேண்டும். அறிவியலில் எதுவுமே செய்யாதவர் எளிதில் நுழைந்துவிடுவார். ஏதேனும் எழுதியவரோ, துருவித் துருவி ஆராயப்படுவார் என்று எள்ளி நகையாடினார் பாபேஜ். ஒன்றும் அறியாதவருக்கு அகலக் கதவு. உழைத்தவருக்கு ஊசிமுனை வாயில்!

கொல்லர் மகன் மைக்கேல் பாரடே, புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். மின்காந்த ஆற்றலால் கம்பியைச் சுழல வைத்துக் காட்டியவர். அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது எதிர்த்தவர் யார்? அவரை உதவியாளராக வைத்திருந்த ஹம்ப்ரி டேவியே! அன்றைய தலைவரும் அவரே. தலைவரின் எதிர்ப்பையும் மீறி, 1824-இல் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு கருப்புக் குண்டு.

அதே 1830-இல் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒருபுறம், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். மறுபுறம், மன்னரின் உடன்பிறந்தாரான சசெக்ஸ் கோமகன்! பதவி விலகவிருந்த டேவிஸ் கில்பர்ட், கழகத்தாரைக் கலக்காமலே கோமகனுடன் பேசி முடித்திருந்தார். முடிவு? கோமகனுக்கு 119, அறிஞருக்கு 111! அறிவைக் குருதி வென்றது, எட்டே வாக்குகளில்.

"கோமகன் நல்லவராயிற்றே! சீர்திருத்தங்களை ஆதரித்தவராயிற்றே!" என்பர் சிலர். ஆம், நல்லவரே! ஆனால் கேள்வி அதுவன்று. எந்தத் தகுதியால் அந்த நாற்காலி? பிறப்பு என்னும் தகுதியால்! நல்லவர் கையில் இருந்தாலும் பிறப்புரிமை பிறப்புரிமையே.

"ஆட்சி எப்படி இருந்தால் என்ன, அறிவியல் வளரத்தானே செய்தது?" என்பர் வேறு சிலர். அவர்களுக்கு வாட்டர்ஸ்டன் கதையே விடை. பம்பாயில் ஆசிரியராக இருந்த அவர், வாயுக்களின் அணுத்துகள்கள் ஓயாது இயங்குவதை விளக்கி, 1845-இல் கட்டுரை அனுப்பினார். பயனற்ற பிதற்றல் என்று தள்ளினர் மதிப்பீட்டாளர்கள். கழகத்தின் முன் வைக்கப்பட்ட கட்டுரை கழகத்தின் உடைமை என்பது விதி. எனவே அது திரும்பி வரவில்லை. அவரிடமோ வேறு படி இல்லை! ராலே பிரபு அதைப் பழஞ்சுவடிகளிடையே கண்டெடுத்து, 1892-இல் வெளியிட்டார். வாட்டர்ஸ்டன் மறைந்ததோ 1883-இல்! அறிஞரின் வாய்ச்சொல்லும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதானால் அது அருள்வாக்காகிவிடும்.

மேரி சாமர்வில் அம்மையாருக்குச் சலவைக்கல்லில் சிலை வடித்துக் கழக மண்டபத்தில் வைத்தனர். உறுப்பினராக ஏற்றனரா? இல்லை! கல்லுக்கு இடம் உண்டு; கற்றவளுக்கு இடம் இல்லை! முதன்முதலாக இரு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1945-இல். கழகம் பிறந்து 285 ஆண்டுகள் கழித்து!

மாற்றம் தானாக வந்ததா? தட்டிக் கேட்டவர்களால் வந்தது. பாபேஜ் எழுதினார், குரோவ் போன்றோர் உள்ளிருந்தே போராடினர். 1847-இல் விதிகள் திருத்தப்பட்டன: ஆண்டுக்கு 15 பேரை மட்டுமே, தகுதி பார்த்து, ஆட்சிக்குழு பரிந்துரைக்கும். ஆனால் அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்கும் தனி வாயில் அப்போதும் மூடப்படவில்லை. சுவர் இடிந்தது, சன்னல் எஞ்சியது.

பகுத்தறிவுப் பாதையில் நடைபோடும் இளைஞனே! கழகத்தின் பெயரில் அறிவு இருந்தால் போதாது. கணக்கேட்டிலும் தேர்தல் பெட்டியிலும் அறிவு இருக்க வேண்டும். எந்த மன்றத்தில் சேர்ந்தாலும் கேள்: தலைவரைத் தேர்ந்தவர் யார்? எந்த விதிப்படி? மறுத்துப் பேசுபவனுக்கு இடம் உண்டா? கேட்கத் தயங்கினால், முழக்கம் இலச்சினையில் இருக்கும். கோமகன் நாற்காலியில் இருப்பான்!