பெட்டியைத் திறக்கும் முன்

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர் புல்லையும் சேர்த்தே வாங்குகிறார். எங்கள் ஓஹையோவில் மே மாதம் பிறந்துவிட்டால் இந்த வாரம் வெட்டியது அடுத்த வாரம் கணுக்காலுக்கு வந்து நிற்கும். எட்டு, பத்து அங்குலத்தைத் தாண்டவிட்டால் பல ஊர்களில் நகராட்சி நோட்டீஸ் கொடுக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி இல்லாமல் முடியாது. புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் டாலர் போய்விடும் என்பதால், கராஜ் சேலில் பழைய கியர் வண்டியைச் சல்லிசாகப் பிடித்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் போடுகிறார்கள்.

"அண்ணே, எஞ்சின் ஜம்முனு ஓடுது. வண்டிதான் நகர மாட்டேங்குது. கியர் பாக்ஸ் போயிருச்சு போல" என்றார் மதுரைக்கார நண்பர் ஒருவர்.

கியர் பாக்ஸ் போய்விட்டது என்பது நாம் எல்லோரும் அவசரப்பட்டு எழுதும் தீர்ப்பு. வண்டி நகராததற்குக் காரணம் முக்கால்வாசி நேரம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். எஞ்சினின் சுழற்சி ஒரு பெல்ட் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அந்த பெல்ட்டை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் கிளட்ச்; தனியாக கிளட்ச் தகடு எதுவும் கிடையாது. பெல்ட் தேய்ந்தாலும், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்ப்ரிங் கழன்றாலும் வண்டி நிற்கும். கார் உதிரிபாகக் கடையில் அதே நீளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் சில வாரத்தில் கருகி நாறும். வழுக்குவதும் பிடிப்பதுமாக இருக்கும் இந்த வேலைக்கென்றே உள்ளே உறுதியான இழையும் மேலே துணியும் சுற்றிய பெல்ட்தான் தாக்குப்பிடிக்கும்.

பெல்ட் சரியாக இருந்தால் அடுத்து பின்சக்கரம். பெரும்பாலான வண்டிகளில் அச்சு முக்கால் அங்குலக் கம்பி. அச்சையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு விரல் அகலம்கூட இல்லாத ஒரு சதுரக் கீ. சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஒரு சர்க்ளிப், வாஷர், அதற்குப் பின்னால் இந்தக் கீ. சர்க்ளிப் தெறித்துப் போனால் கீயும் எங்கோ புல்லில் விழுந்துவிடும். ஒரு பக்கக் கீ போனதற்கு இரண்டு சக்கரமுமே நின்றுவிடும் என்பதுதான் விசேஷம். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் சுலபமாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கம் சக்தியை அனுப்பிவிடும். கீ இல்லாத அச்சு சக்கரத்துக்குள் சும்மா சுற்றும், நன்றாக இருக்கிற சக்கரமோ அசையாது. பார்க்கிறவருக்கு முழு கியர் பாக்ஸும் செத்துப்போனது போலவே இருக்கும். சில டாலரில் முடிகிற இந்த வேலைக்காக வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நண்பரின் வண்டியில் இரண்டு கீயும் இருந்தன. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கியரைப் போட்டுப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் கியர் பாக்ஸ் மேல் இருக்கும் புல்லி சுழல வேண்டும். சுழன்றால் உள்ளே பல்லோடு பல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முதல் கியரில் சுழன்றது. இரண்டில் கொஞ்சம் சுழன்று 'டக்' என்று விட்டுவிட்டது. மூன்றில் அசையவே இல்லை. இதற்குமேல் பெட்டியைத் திறக்காமல் வழியில்லை.

இந்தச் சின்ன வண்டிகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்டவை பீர்லெஸ் என்ற நிறுவனத்தின் பெட்டிகள். இரண்டு பாதியாகப் பிளக்கும் அலுமினியக் கூடு. கார் கியர் பாக்ஸைப் பார்த்துப் பழகியவர்கள் அசந்துபோவார்கள், உள்ளே பெரும்பாலும் எண்ணெய் இருக்காது. பெண்டோனைட் என்ற களிமண்ணைச் சேர்த்துச் செய்த கிரீஸ், ஆறிப்போன கேழ்வரகுக் களி மாதிரி உட்கார்ந்திருக்கும். பூனை மலம் கழிக்க வைக்கும் தட்டில் கொட்டுகிறார்களே, அதிலும் இதே களிமண்தான்.

கியர் மாறும் விதம் அழகானது. எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுற்றுகின்றன. ஆனால் ஒரு தண்டின் மேல் இருப்பவை தண்டைப் பிடிக்காமல் சும்மா சுழல்கின்றன. அந்தத் தண்டில் நீளவாக்கில் காடி வெட்டி, அதில் மூக்கு வைத்த எஃகுக் கீகள் படுத்திருக்கும். நாம் கியர் கம்பியைத் தள்ளும்போது கீகள் வழுக்கிப் போய் ஒரு பல்சக்கரத்தின் உள்வாயில் இருக்கும் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொள்ளும். அந்தச் சக்கரம் தண்டோடு ஒன்றாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு சக்கரத்தைப் பிடித்துவிடாமல் இடையிலுள்ள வாஷர்கள் மூக்கை அமுக்கி அனுப்பும். அந்த வாஷருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டுவிட்டால் கியர் மாறாது. கழற்றும்போதே வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். மேல்பக்கத் திருகைக் கழற்றி, அதற்கடியில் இருக்கும் ஸ்ப்ரிங்கையும் குண்டையும் எடுத்து வைக்காமல் கூட்டைப் பிளந்தால் குண்டு கராஜுக்குள் எங்கே உருண்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நண்பரின் பெட்டியில் கீகளின் மூக்கு மழுங்கி வழவழவென்று இருந்தது. பல்சக்கரத்தின் பள்ள ஓரங்களும் அப்படியே. கையால் தடவினாலே தெரிந்தது. காரில் இருப்பதுபோல் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ இதில் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் மூக்கு பள்ளத்தின் ஓரத்தில் மோதி மோதித் தேயும். முந்தைய சொந்தக்காரர் இதைக் கார் மாதிரியே ஓட்டியிருக்கிறார் என்பதற்கு அந்த மூக்குகளே சாட்சி.

எல்லா வண்டியிலும் இப்படி அலுமினியப் பெட்டி இருந்ததில்லை. 1961-ல் டிராக்டர் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட் வண்டிகளில் வயல் டிராக்டரான ஃபார்மால் கப்பின் வழிவந்த வார்ப்பிரும்புக் கியர் பாக்ஸ் இருந்தது. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும், எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டேடிக் பெட்டி. மிதித்தால் போகும், விட்டால் நிற்கும், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மலிவு வண்டிகளில் வரும் ஹைட்ரோ பெட்டி திறப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. பழுதானால் முழுதாக மாற்று என்பார்கள். விலை கேட்டால் வண்டியே வேண்டாம் என்றாகிவிடும். கேரம் போர்டு அளவு மேசையும் சாதாரண ஸ்பேனர் செட்டும் இருந்தால் பிரித்துவிடலாம் என்கிற இந்த அலுமினியக் கியர் பாக்ஸ் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

நான்கு புதுக் கீ, ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு பல்சக்கரம், ஒரு டப்பா பெண்டோனைட் கிரீஸ். மூடுவதற்கு முன் ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம். நியூட்ரலில் ஒரு அச்சைத் திருப்பினால் மற்றது எதிர்ப்பக்கம் திரும்பியது. நண்பர் இப்போது மூன்றாம் கியரிலேயே முழு இடத்தையும் வெட்டி முடிக்கிறார். மற்ற கியர்கள் தனக்கு அநாவசியம் என்கிறார். ரிவர்ஸ் மட்டும் தவிர்க்க முடியாது; அதற்கு மாற்றும் முன் வண்டியை முழுசாக நிறுத்தி, ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைக்கிறார்.