"வீட்டுல சார் இல்லைங்களா?"

"வீட்டுல சார் இல்லைங்களா?"

கேஸ் அடுப்பு சரி பார்க்க வந்தாலும், குழாய் ரிப்பேருக்கு வந்தாலும் வாசலில் நின்றபடி கேட்கும் முதல் கேள்வி இதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது. ஆனால் 2025 ஜூலையில் வைஃபை சரி பார்க்க வந்தவர் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. அந்த அனுபவத்தைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் இரண்டு முறைதான் ஊருக்கு வருவார். வீட்டில் நான், மாமியார், பிளஸ் டூ முடித்த மகள் மூவர்தான். மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரம் அது. முன்பெல்லாம் இதற்காகச் சென்னைக்குப் போய்க் காத்துக் கிடப்பார்கள். 2018 முதல் எல்லாம் ஆன்லைன்தான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். செல்போனின் சின்னத் திரையில் அவ்வளவு பெரிய பட்டியலைப் பார்த்தால் கண் பூத்துவிடும். என் நாத்தனார் மகன் உபயோகித்துக் கொடுத்த பழைய லேப்டாப்தான் அவளுக்குத் துணை.

கவுன்சலிங்குக்கு உதவியாக இருக்கட்டும் என்று, வேகம் கூடுதலான திட்டத்துக்கு மாறினோம். புது ரவுட்டர் பெட்டியை வாசல் பக்கத்து அறையில் மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றே சனியனும் கூடவே வந்தது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து மகள் படிக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லேப்டாப்பில் நெட் அறுந்துவிடும். தானே வரும், மறுபடி போகும். "நல்லா இருந்த பொட்டிய எதுக்கு மாத்தினீங்க?" என்று மாமியார் புலம்ப, மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

புகார் செய்யலாம் என்று போன் போட்டால், "பதிவு செய்த நம்பருக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்றார்கள். அந்த நம்பர் என் கணவருடையது. வேலை நேரத்தில் அவர் போனை எடுக்க முடியாது. அதிலேயே ஒரு நாள் போயிற்று. மறுநாள் வந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்றதும், பெட்டியின் பக்கத்தில் நின்று தன் செல்போனில் பார்த்தார். "லைன் நல்லா இருக்கு. லேப்டாப் பழசு. சார் வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார். பின்கட்டுக்கு வந்து பார்க்கக்கூட இல்லை.

கம்ப்யூட்டர் கடையில் கேட்டோம். "உள்ளே வைஃபை கார்டு போயிருக்கும். புதுசே வாங்கிடுங்க, நாற்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது? என் வளையலை அடகு வைப்பது என்று முடிவு செய்து, அதைக் கழற்றிப் பையில்கூட வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தோசை வார்க்கும்போது ஒரு பக்க அடுப்பு சரியாக எரியவில்லை. அடுத்த பக்கம் நன்றாக எரிந்தது. அப்படியானால் சிலிண்டரில் குறையில்லை, ரெகுலேட்டரிலும் இல்லை, பர்னரில்தான் அடைப்பு என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். எரிந்தது. அப்போதுதான் தோன்றியது: அடுப்புக்கு நாம் யாரையும் கூப்பிடுவதில்லையே, இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

மறுநாள் காலையில் நானும் மகளும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். லேப்டாப்பில் அறுந்த அதே நிமிஷம் முன் அறையில் என் செல்போனில் நெட் வந்தது. ஆக, லைனில் கோளாறில்லை. லேப்டாப்பை முன் அறைக்குத் தூக்கி வந்து, பெட்டியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்தோம். ஒருமுறைகூட அறுபடவில்லை. பின்கட்டுக்கே எடுத்துப்போய், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தோம். அங்கேயும் நன்றாக வந்தது. ஆக, லேப்டாப்பில் கார்டு போகவில்லை! பெட்டிக்கும் பின்கட்டுக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் பழைய பெட்டி அதே இடத்திலிருந்து பின்கட்டு வரை வந்ததே?

இதை என் தம்பி மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள். "அண்ணி, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க" என்று சிரித்துவிட்டு விளக்கினாள். பழைய பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதானாம். புதுப் பெட்டியில் அதோடு 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. 5-க்கு வேகம் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். 2.4-க்கு வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். தெருக்கோடிக் கல்யாணத்தில் தவில் சத்தம் நம் வீட்டுக் கொல்லை வரை கேட்கும், ஜால்ரா சத்தம் கேட்காது அல்லவா, அது போல.

கும்பகோணத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயில் பெட்டி மாதிரி நீளம், கனமான செங்கல் சுவர்கள். புதுப் பெட்டியில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். லேப்டாப் வேகமானதைப் பிடிக்கப் பாய்கிறது, சுவர் தடுக்கிறது, விட்டுவிட்டு மற்றதைத் தேடுகிறது. இதுதான் நடந்த கூத்து.

"இரண்டுக்கும் தனித்தனி பெயர் வெச்சிடலாம் அண்ணி" என்றாள். "நான் தொட்டு ஏதாவது ஆகிட்டா?" என்று பயந்தேன். "மாத்தறதுக்கு முன்னாடி இருக்கறத போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொன்னாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ளே நுழையும் எண்ணும் பாஸ்வேர்டும் இருந்தன. அவள் சொல்லச் சொல்ல மகள் செய்தாள். லேப்டாப்பில் பழைய இணைப்பை அழித்துவிட்டு, 2.4-ன் பெயரில் புதிதாக இணைத்தோம். அன்று மாலை முழுக்க அறுபடவே இல்லை.

அடுத்த நாள் இரண்டு முறை போயிற்று. மனம் தளரவில்லை. எப்போது போகிறது என்று குறித்து வைத்ததில், சார்ஜர் போடாதபோது மட்டும்தான் என்று தெரிந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப்பே வைஃபையை அணைக்கிறதாம். அந்த அமைப்பையும் மாற்றினோம். அத்தோடு சரியாயிற்று. செலவு ஒரு பைசா இல்லை. வளையல் கைக்குத் திரும்பியது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதே மகள் பட்டியலைக் கொடுத்துவிட்டாள். விரும்பிய பிரிவில் இடமும் கிடைத்தது.

வந்தவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, அவர் வந்ததும் கேட்டுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவர்களைப் பழக்கியதே நாம்தானே? "இருக்கிற வேலை போதாதா, இதையும் நம் தலையில் கட்ட வேண்டுமா?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். நெட் போனால் பிள்ளையின் அழுகையையும் மாமியாரின் முணுமுணுப்பையும் சமாளிப்பது யார்? வேலை ஏற்கெனவே நம் தலையில்தான் இருக்கிறது. சாவி மட்டும் இன்னொருவர் இடுப்பில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவரின் செல் நம்பரை இணைப்புக்குப் பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். புதுப் பெட்டி மாட்ட வருபவரை, வீட்டின் கடைசி அறை வரை நெட் வருகிறதா என்று காட்டிய பிறகே அனுப்புங்கள். கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒரே சமயத்தில் மாற்றினால், எதனால் சரியாயிற்று என்றே தெரியாது. குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் எது மிஞ்சியது என்று தெரியுமா?

சென்ற மாதம் கேபிள் மாற்ற ஒருவர் வந்தார். வழக்கம்போல வாசலில் நின்று, "சார் இல்லைங்களா?" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் திண்ணையிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"சார் எதுக்குப்பா? என் மருமக இருக்கா, அவளைக் கேளு!"

உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் கேட்க வேண்டாமா சகோதரிகளே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.