டில்லியில் ஒன்பது மணி நேரம்

மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போகும் அம்மாக்கள் டில்லியில் விமானம் மாறுவது சகஜம். நடுவே ஒன்பது மணி நேரம் கிடைத்தால், நாற்காலியிலேயே உட்கார்ந்து காலை வீங்க வைத்துக் கொள்ளாதீர்கள், சகோதரிகளே! அடுத்த விமானத்திலும் உட்காரத்தானே போகிறோம்?

நாங்கள் போனபோது பெண்ணுக்கு இன்னும் பத்தே நாள். “விமானத்தைத் தவற விட்டா என்ன செய்வே?” என்று இவர் பயந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். புறப்பாட்டுக்கு மூன்று மணி முன்பே திரும்ப வேண்டும். போக வர இரண்டு. வண்டி நெரிசலுக்கு ஒன்று. மிஞ்சுவது மூன்று. ஆகவே ஒரே இடம், அதுவும் கிட்டத்தில். செங்கோட்டை இன்னொரு தடவைக்கு!

பெட்டிகள் நேரே போய்ச் சேருமா என்று சென்னையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

குதுப்மினார் சுமார் 73 மீட்டர் உயரம். 1981-ல் நடந்த விபத்துக்குப் பின் மேலே ஏற விடுவதில்லை. நம் முழங்காலுக்கு அதுவும் நல்லதுதான்! என்னை அசத்தியது அருகிலுள்ள இரும்புத் தூண். சுமார் 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாம். அதனால் மெல்லிய படலம் உண்டாகி, துரு அரிக்காமல் காக்கிறதாம். நம் வீட்டு அரிவாள்மனை ஓர் ஐப்பசி மழையைத் தாங்குகிறதா, சொல்லுங்கள்!

மே, ஜூன் வெயிலில் வெளியே போக வேண்டாம். தண்ணீரும் புளியோதரைப் பொட்டலமும் எடுத்துக் கொள்ளுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட் கைப்பையிலேயே இருக்கட்டும். நிலைய வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பினோம். நடந்த அலுப்பில் விமானத்தில் நல்ல தூக்கம். பெண்ணிடம் தெம்பாகப் போய் இறங்கினோம். பத்திய சமையலுக்கு அந்தத் தெம்புதானே வேண்டும்?