வடமாநிலத்தவர் வந்ததால்தான் கூலி குறைஞ்சுதா?

"இந்திக்காரங்க வந்துதான் நம்ம கூலி போச்சு." அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அடிக்கடி காதுல விழும் பேச்சு. கோபம் நியாயம்தான், ஆனா ஆள் தப்பு.

வெளிமாநிலத்திலிருந்து ஒப்பந்தக்காரர் கூட்டிட்டு வர்றவருக்கும், அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே கூலின்னு 1979 சட்டமே சொல்லிடுச்சு. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லிடுச்சு. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு கூலியில் 3.25%தான்.

இதையெல்லாம் ஏய்க்க முடிஞ்சா, யாரை ஏய்க்க முடியுமோ அவரைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. அப்புறம் அவரைக் காட்டியே உங்க கூலியையும் குறைப்பாங்க.

டாக்டரா சொல்றேன்: பிரஸ்ல கை நசுங்கி வர்றவர்கிட்ட இ.எஸ்.ஐ. அட்டை இல்லைன்னா, முதலாளி மிச்சம் பிடிச்ச செலவு அந்தக் குடும்பத்தின் கடனாகுது.

பக்கத்து மெஷின்காரருக்கும் அட்டை, ஓ.டி., சம கூலி கேளுங்க. அது அவருக்குக் காட்டும் இரக்கம் இல்லை. உங்க கூலிக்கு நீங்களே போடும் வேலி.